நீலக் குடலைத் தேடிய பூனைக்குட்டி

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதக் கடைசியில், மேலூரில். பள்ளிகள் திறந்து பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு மூன்று நாள் ஆங்கிலப் பயிற்சி. சிறுவர் கதைப் புத்தகங்களை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் விஷயம். பயிற்சி கொடுக்கப் போனவள் நான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தல்லாகுளத்தில் வீடு. மதுரையில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவள். எங்கள் பள்ளியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாலும், வெளியூரிலிருந்து யாராவது பெரிய அதிகாரி வந்தால் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த நல்ல பெயரால்தான் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நாலைந்து வருடங்களாக அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறை நான் எடுத்துப் போனது ஒரு பூனைக்குட்டிக் கதை. நானே எழுதி, எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியரிடம் கெஞ்சிப் பெரிய அட்டைகளில் படம் வரைந்து வாங்கி வைத்திருந்தேன். ஒரு பூனைக்குட்டி தன்னுடைய நீல நிறக் கிண்ணத்தைத் தொலைத்துவிடுகிறது. கோழியிடம் கேட்கிறது, ஆட்டிடம் கேட்கிறது, எருமையிடம் கேட்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரே கேள்வியில் முடியும்: என் நீலக் கிண்ணம் எங்கே? அதைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் கிண்ணம் கிடைத்துவிடும். ஆனால் அதற்குள் ஒரு கோழிக்குஞ்சு சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். பூனைக்குட்டி அதை எழுப்பாமல் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் கதை.

முதல் நாள் காலை. படங்களைக் காட்டிவிட்டு, "யாராவது முன்னால வந்து வாசிச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்டேன். பயிற்சிகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தக் கேள்வி கேட்டவுடன் என்ன நடக்கும் என்று. நாற்பது தலையும் குனியும். சிலர் கைப்பைக்குள் எதையோ தேடுவார்கள். சிலருக்கு அப்போதுதான் தண்ணீர் தாகம் எடுக்கும்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர் மட்டும் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். வெளிர் பச்சை நூல் சேலை. மேலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறவர் என்று காலையில் அறிமுகம் சொன்னபோது கேட்டிருந்தேன். மெதுவாக நடந்து வந்து அட்டைகளைக் கையில் வாங்கினார். கொஞ்சம் பயம் தெரிந்தது. வாசிக்க ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. கோழிக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு நடுங்குகிற குரல். உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி வரும் இடத்தில், பூனைக்குட்டி மாதிரியே கழுத்தைச் சாய்த்து, "வேர் இஸ் மை ப்ளூ போல்?" என்றார்.

நான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

"ஒரு நிமிஷம் டீச்சர். அது போல் இல்ல, பவுல்."

அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போல்னுதான் மேடம் கேட்டேன்" என்றார், சின்னக் குரலில்.

"எங்க கேட்டீங்க?"

சட்டென்று நாற்பது பேரும் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இல்ல மேடம், நீங்க சொல்லுங்க" என்று நிறுத்திக்கொண்டார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பயிற்சியில் இப்படி ஒரு இடம் கிடைத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். கரும்பலகையில் ஒரு ஆந்தை வரைந்தேன்.

"இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"அவுல்!" என்றது மொத்த அறையும்.

அதற்கான எழுத்துகளை எழுதி, முன்னால் ஒரு 'பி' போட்டேன். "இப்போ?"

"பவுல்!"

"அம்புட்டுதான். ஆந்தையை ஞாபகம் வச்சுக்கிட்டா கிண்ணத்தை மறக்கவே மாட்டீங்க."

கைதட்டினார்கள். பலர் ஆந்தையைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார்கள். எனக்கே என் மேல் ஆசையாக இருந்தது. அந்த டீச்சர் அட்டைகளோடு இன்னும் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "எங்க டீச்சர், ஒரு மூணு தடவை சொல்லுங்க" என்றேன். "பவுல், பவுல், பவுல்" என்றார். மீதிப் பக்கங்களையும் வாசித்தார். எருமைக்குத் தனிக் குரல் எதுவும் இல்லை. முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு இரண்டரை நாள் பயிற்சி இருந்தது. யாரும் தானாக எழுந்து வந்து வாசிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது மரியாதையாக வந்து, "போயிட்டு வாரேன் மேடம்" என்றார். நானும் சிரித்து வழியனுப்பினேன். பயிற்சி அறிக்கையில், 'ஆசிரியர்களிடம் ஆங்கிலம் பேசக் கூச்சம் அதிகம்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கூச்சத்துக்கும் எனக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்த பயிற்சி செல்லூரில் ஒரு பள்ளியில் என்று சொல்லியிருந்தார்கள். கதையைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம் என்று நினைத்தேன். எனக்குத் தட்டச்சு வேகம் போதாது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும் அல்லவா, அதில் கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "தப்பு ஏதும் இருக்கான்னு பாரு" என்று போனை அவளிடம் நீட்டினேன்.

இரண்டு வரி படித்திருப்பாள். புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, மறுபடி படித்து, மறுபடி சிரித்தாள்.

"என்னடி?"

"அம்மா, பூனைக்குட்டிக்கு என்ன ஆச்சு? ஆபரேஷனா?"

"ஏன்?"

"என் நீலக் குடல் எங்கே, என் நீலக் குடல் எங்கேன்னு கோழிகிட்டப் போய்க் கேக்குது."

எனக்குப் புரியவில்லை. வாங்கிப் பார்த்தேன். கிண்ணம் வர வேண்டிய எல்லா இடத்திலும் போன் கூடுதலாக ஒரு 'இ' சேர்த்து, குடல் என்ற பொருள் வரும் சொல்லை எழுதி வைத்திருந்தது. போன் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி நிதானமாகச் சொன்னேன். மறுபடி குடல். இன்னும் அழுத்திச் சொன்னேன். குடல்தான்.

"போன் சரியாத்தான் எழுதுதும்மா. நீ சொல்றதுதான் அப்படி இருக்கு. நீ போல்னு சொல்லிப் பாரேன்."

சொன்னேன். கிண்ணம் வந்தது.

அகராதியில் அந்தச் சொல்லைத் தேடி, ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்டேன். ஒரு அம்மாவின் குரல், "போல்" என்றது. மறுபடி அழுத்தினேன். "போல்." மூன்றாவது தடவையும் அந்த அம்மா மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். நாற்பது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, ஒரே குரலில் என் நீலக் குடல் எங்கே என்று பாடுவதை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெளிர் பச்சைச் சேலை நினைவுக்கு வந்தது. 'போல்னுதான் மேடம் கேட்டேன்.' சிரிப்பு நின்றுவிட்டது. "ஏம்மா, ஒரு மாதிரி ஆயிட்ட?" என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மேலூர் ஆசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அன்று சாயங்காலம் அதில், 'கிண்ணத்துக்கான ஆங்கிலச் சொல்லை பவுல் என்றும் சொல்லலாம், போல் என்றும் சொல்லலாம், இரண்டு உச்சரிப்பும் வழக்கில் உண்டு' என்று போட்டேன். தப்பைத் திருத்தியது மாதிரியும் ஆச்சு, தப்புச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளாத மாதிரியும் ஆச்சு. எத்தனை சாமர்த்தியம் பாருங்கள்.

வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்தன. 'நன்றி மேடம்', 'பயனுள்ள தகவல் மேடம்'. ஜன்னலோர டீச்சரிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. அவர் பார்த்துவிட்டார் என்பதற்கான நீல நிற அடையாளம் தெரிந்தது. அடுத்த இரண்டு நாளும் ஏதாவது வருகிறதா என்று குழுவை அடிக்கடி திறந்து பார்த்தேன். 'என்ன மேடம், அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க, இன்னைக்கு இப்படிச் சொல்றீங்க' என்று அவர் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாங்கள் சில பள்ளிகளுக்குப் போய், சொல்லிக் கொடுத்தது வகுப்பில் எப்படி நடக்கிறது என்று பார்த்து வர வேண்டும். எந்தப் பள்ளி என்பதை நாங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் அந்த டீச்சரின் பள்ளியை எழுதிக் கொடுத்தேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. தனியாக இரண்டு நிமிஷம் கிடைத்தால் நைசாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு எண்ணம்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர். அங்கிருந்து டவுன் பஸ். கல் ஏற்றின லாரிகள் எதிரே வரும்போதெல்லாம் எங்கள் பஸ் சாலையோரம் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. கடைசியில் நடத்துநர், "பள்ளிக்கூடம் இறங்குறவுக இறங்குங்க" என்றார். நான் ஒருத்திதான் இறங்கினேன். நாற்றங்கால் போட்டிருந்த வயல்களை ஒட்டி மஞ்சள் வண்ணம் பூசின இரண்டு அறைக் கட்டடம். தலைமையாசிரியர் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஓர் அறையில். அவரைப் பார்த்து வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த அறை வாசலில் போய் நின்றேன்.

உள்ளே ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்த பத்தொன்பது பிள்ளைகள். கதை நடந்துகொண்டிருந்தது. என்னுடைய கதைதான். ஆனால் நான் கொடுத்த கதையைவிடப் பெரிதாகி இருந்தது. என் கதையில் கோழி, ஆடு, எருமை மட்டும். இங்கே பூனைக்குட்டி மயிலிடம் கேட்டது, அணிலிடம் கேட்டது, டிராக்டரிடம்கூடப் போய்க் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னது. டிராக்டராக இருந்த பிள்ளை, "நோ டைம், நோ டைம், ஐ கோ டு ஃபீல்டு" என்று உறுமிக்கொண்டே ஓடியது. டீச்சர் என்னை வாசலில் பார்த்துத் தலையசைத்தார். ஆனால் கதையை நிறுத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசிப் பக்கம் வந்தது. கிண்ணத்துக்குள் கோழிக்குஞ்சு தூங்குகிறது. டீச்சர் விரலை உதட்டில் வைத்தார். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பத்தொன்பது பிள்ளைகளும் குரலைத் தாழ்த்தி, குஞ்சு எழுந்துவிடக் கூடாதே என்று, மூச்சுக்காற்றில் சொன்னார்கள்:

"ஹியர் இஸ் மை ப்ளூ பவுல்."

இருபது வருடமாக வகுப்பெடுக்கிறேன். ஒரு கதை பிள்ளைகளுக்குள் இப்படிப் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கதைக்கு நடுவில் என் தப்பு மட்டும் சோற்றில் கிடக்கிற கல் மாதிரி இருந்தது.

பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு டீச்சர் வாசலுக்கு வந்தார். "வாங்க மேடம். சொல்லியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கு வந்திருப்பேன்ல" என்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். "டீச்சர், குரூப்ல ஒண்ணு போட்டிருந்தேன், பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம். ரெண்டு விதமாவும் சொல்லலாம்னு போட்டிருந்தீங்க. அதான் மாத்தல. பிள்ளைகளுக்கு ஒண்ணு பழகிருச்சு. இனிமே எதுக்குக் குழப்பணும்னு விட்டுட்டேன்."

அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. "ரெண்டு விதம் எல்லாம் கிடையாது டீச்சர். நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் குரூப்ல பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதற்காக நான் இன்றுவரை அவரை மதிக்கிறேன்.

"எனக்கு அன்னைக்குக் கோவம்தான் மேடம்" என்றார். "பயிற்சிக்குக் கதை அட்டையோட போட்டோவ முந்தின நாளே குரூப்ல அனுப்பியிருந்தீங்க. நான் தமிழ் மீடியத்துல படிச்சவ. மதுரையில இருந்து வாராங்க, முன்னாடி நிக்கையில தப்பு வந்துரக் கூடாதேன்னு ஒவ்வொரு வார்த்தையா போன்ல போட்டுக் கேட்டேன். எம்புட்டு நேரம் கேட்டிருப்பேன்னு நெனைக்கிறீங்க? எங்க வீட்டுக்காரர் சாப்பாடு கேட்டுக் கேட்டு, கடைசியில அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுட்டாரு. அப்படிப் படிச்சுட்டுத்தான் தைரியமா எந்திரிச்சேன். பஸ்ல திரும்பி வாரப்போ அழுகை வந்துருச்சு."

பிள்ளைகள் வரைகிறார்களா என்று உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அவரே மேலே சொன்னார்.

"வீட்டுக்கு வந்து மறுபடி போன்ல கேட்டேன். அது போல்னுதான் சொல்லுச்சு. போனுக்கு என்ன தெரியும், மேடம் படிச்சவங்க, அவங்க சொல்றதுதான் சரியா இருக்கும்னு மாத்திக்கிட்டேன். ஆனா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கையில ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல நாக்கு நின்னு நின்னுதான் போச்சு."

தனக்குத் தெரிந்த சரியை, என் ஒருத்தியின் அதட்டலுக்காக அவர் விட்டுவிட்டார். நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னது பெரிய விஷயமே இல்லை, யாருக்கும் நடக்கிறதுதான். தன் காதையே நம்பாதபடி ஒருவரைச் செய்துவிட்டேனே, அதுதான் நெஞ்சில் இறங்கியது.

"உள்ள வந்து பிள்ளைங்ககிட்ட நான் பேசலாமா?" என்று கேட்டேன்.

பத்தொன்பது பிள்ளைகளும் கிரேயானைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதிகாரிகள் முன்னால் பேசியிருக்கிறேன், நூறு ஆசிரியர்கள் முன்னால் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முன்னால்தான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"இந்தக் கிண்ணத்துக்கு நீங்க பவுல்னு சொல்றீங்கல்ல? அது தப்பு. போல்னு சொல்லணும். உங்க டீச்சர் முதல்ல சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் அவங்களை எல்லாருக்கும் முன்னாடி நிறுத்தி, தப்புன்னு சொல்லி மாத்திட்டேன்."

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு இருக்கும், இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்து, "அப்ப நீங்க டீச்சருக்கு சாரி சொல்லணும்ல?" என்றாள்.

டீச்சர் பதறி, "ஏய், உக்காரு" என்றார்.

"அவ சொல்றது சரிதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பி, "சாரி டீச்சர்" என்றேன்.

அடுத்த நொடி ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள். அந்த வகுப்பில் ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. யார் யாருக்கு சாரி சொன்னாலும் மொத்த வகுப்பும் பதில் சொல்ல வேண்டுமாம். பத்தொன்பது பேரும் சேர்ந்து, கூரை அதிர, "இட்ஸ் ஓகே!" என்று கத்தினார்கள். பக்கத்து அறையிலிருந்து தலைமையாசிரியர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பழகின சொல்லை எப்படி மாற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு பெண் குழந்தையே அதற்கும் வழி சொன்னாள். "டீச்சர், க்ளீன் போல்டுல வருமே, அந்த போலா?" கிரிக்கெட் விளையாடுகிற ஊரில் இதைவிடச் சுலபமான வழி ஏது? எழுத்தும் கிட்டத்தட்ட அதேதான். எல்லாப் பிள்ளைகளும் கையைச் சுழற்றிப் பந்து போட்டுப் போட்டு, "ப்ளூ போல்! ப்ளூ போல்!" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஐந்து நிமிஷத்தில் என் ஆந்தை அந்த வகுப்பை விட்டுப் பறந்துவிட்டது.

மத்தியானம் அங்கேயே சத்துணவு சாப்பிட்டேன். டீச்சர் தன் டிபன் பாக்ஸிலிருந்து கத்திரிக்காய்க் கூட்டு எடுத்து என் தட்டில் வைத்தார். கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். "இதுக்காகவா மேடம் இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மேலூர் பேருந்து நிலையத்தில் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது குழுவில் எழுதினேன். இந்த முறை சாமர்த்தியம் எதுவும் இல்லாமல் எழுதினேன். பவுல் என்று நான் சொன்னது தப்பு, இரண்டு விதமும் உண்டு என்று போட்டது அதைவிடப் பெரிய தப்பு, அன்று வாசித்த டீச்சர் சொன்னதுதான் சரி, எல்லோருக்கும் முன்னால் அவரைத் திருத்தியதால் எல்லோருக்கும் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்று. அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எடுத்துப் பார்க்கப் பயம். இனி யார் நம்மை மதிப்பார்கள் என்று ஒரு கவலையும் இருந்தது.

ஒத்தக்கடை தாண்டுகிற வரை பொறுத்திருந்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் ஒன்றுகூட இல்லை. முதல் செய்தி, ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த ஓர் ஆசிரியரிடமிருந்து. பயிற்சியின் மூன்று நாளும் வாய் திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். எழுதாமல் குரலாகவே அனுப்பியிருந்தார்.

"மேடம், நீங்க சொன்னதால கேக்குறேன். கரடிய நான் முப்பது வருஷமா பியர்னுதான் சொல்லிக் குடுக்குறேன். எங்க பக்கத்து ஸ்கூல் சார் பேர்னு சொல்றாரு. எது சரி? இத்தனை வருஷ சர்வீஸ்ல போய் இதைக் கேட்டா சிரிப்பாங்களேன்னு யார்கிட்டயும் கேட்டதில்ல."

பக்கத்து ஸ்கூல் சார் சொல்வதுதான் சரி என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. வயிற்றுக்கு எப்படிச் சொல்வது? துணிமணிக்கு எப்படி? காய்கறிக்கு? கத்திக்கான சொல்லுக்கு முன்னால் எதற்கு ஒரு 'கே' சும்மா நிற்கிறது? சிலவற்றுக்கு எனக்கு உடனே பதில் தெரிந்தது. சிலவற்றைக் கேட்டபோது, நானும் இத்தனை நாள் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. தெரியாததற்கு, 'எனக்கும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதினேன். அப்படி எழுதுவது இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வீடு வந்து சேர்ந்தபோது மகள் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, லாட்டரி விழுந்திருச்சா?" என்றாள்.

செப்டம்பரில் செல்லூர்ப் பயிற்சி. அந்த டீச்சரையும் என்னோடு சேர்ந்து பயிற்சி கொடுக்கக் கூப்பிட அனுமதி வாங்கினேன். போனில் கேட்டபோது, "நான் எதுக்கு மேடம், அம்புட்டு பேர் முன்னாடி?" என்று தயங்கினார். "கதை சொல்ல எனக்குத் தெரியல டீச்சர். உங்களுக்குத்தான் தெரியுது" என்றேன். அது உபசார வார்த்தை இல்லை. பிறகு, "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

பக்கத்துச் சந்தில் தறிகள் ஓடுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிற அறை அது. முதல் வேலையாகக் குடல் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரை நான் எப்படி நடத்தினேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு டீச்சர் எழுந்து பூனைக்குட்டிக் கதையைச் சொன்னார். அன்று மேலூரில் எனக்குக் கேட்கக் கிடைக்காமல் போன எருமையின் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். அடிவயிற்றிலிருந்து, தூக்கம் கலையாத ஒரு குரல். தறிச் சத்தத்தையும் மீறி முப்பத்தைந்து பேரும் பூனைக்குட்டியாக மாறிக் கேள்வி கேட்டார்கள்.

முடித்ததும் டீச்சர், "யாராவது வந்து வாசிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

வழக்கம்போலத் தலைகள் குனிந்தன. பிறகு முன் வரிசையில் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, பாதி எழுந்து, "தப்பு வந்தா?" என்று கேட்டாள்.

"வரட்டும்மா. வாசிச்சு முடி, அப்புறம் எல்லாருமாச் சேர்ந்து பார்ப்போம்" என்றார் டீச்சர்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். அவளுக்குப் பிறகு இன்னொருவர் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும்போது வாசிக்க இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அன்று எத்தனை சொற்கள் தப்பாக வந்தன என்று நான் எண்ணவில்லை. வந்தவற்றில் ஒன்றையும் நடுவில் நிறுத்தித் திருத்தவும் இல்லை.

இப்போதும் பயிற்சி கொடுக்கப் போகிறேன். தப்பைத் திருத்தவும் செய்கிறேன்; அது என் வேலை. ஆனால் ஒருவர் பயத்தை விழுங்கிக்கொண்டு, எழுந்து நின்று வாய் திறக்கிறார் என்றால், அந்த எழுந்து நிற்றலுக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதை மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் மறந்ததில்லை.